வாடைக் காலத்துத் தீவு

ஐப்பசி பிறந்துவிட்டால் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் யாரிடமும் நின்று பேச முடியாது. தீபாவளிக்குப் போக வேண்டிய அகல் விளக்கு போய்ச் சேர்ந்திருக்கும்; கார்த்திகைக்கான சரக்கு பாதி இன்னும் அச்சிலேயே கிடக்கும். வெளியே மழை. களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் இட்டால், அச்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு, விளக்கு தானாக ஓரம் விட்டுக் கழன்று வர வேண்டும். ஈரக்காற்றில் அச்சே காயாமல் இருக்கும்போது அது எந்த ஈரத்தைக் குடிக்கும்? மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைப்பார்கள். சூளைச் சூடு படும் இடமாகப் பார்த்துப் பலகை போட்டு அடுக்குவார்கள். பார்சல் ஆபீசில் போய்க் கெஞ்சுவார்கள். அந்த மாதத்தில் ராமேஸ்வரம் போகிறேன் என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்குமோ அது எனக்கும் கிடைத்தது. "இந்த மழையிலயா? வேற வேல இல்லயா உனக்கு?" என்றார் ஒரு பெரியவர். வேலை இல்லைதான். இன்சுலேட்டர் பட்டறையை விட்டு நான் வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது.

ராமேஸ்வரத்துக்குச் சீசன் இல்லாத காலம் என்று ஒன்று உண்டா என்பதே முதலில் சந்தேகம். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக் குடும்பங்கள். ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று அமாவாசைக்கும் அக்கினி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள், சபரிமலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ, ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மகரஜோதி வரை அது ஓயாது. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்ட வடநாட்டு யாத்ரிகர்கள் வருஷம் முழுக்க உண்டு. இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது ஐப்பசியின் பின்பாதி. தீபாவளிக்கும் மாலை போடும் நாளுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து காரணமில்லாமல் காலியாக இருக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தீவின் மேல் இறங்கும் வாரங்கள் அவை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி.

சேது எக்ஸ்பிரஸ் இரவில் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பாம்பன் பாலத்தை அது தாண்டும்போது இன்னும் இருட்டுதான். பகலில் பாலத்தைக் கடக்கும்போது பெட்டியில் எழும் கூச்சல் இல்லை. ஒருவர் மட்டும் ஜன்னலைத் திறந்து, முகத்தில் சாரல் அடித்ததும் மூடிவிட்டார். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கும் வரை இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே கிடையாது. பழைய பாலத்தின் நடுத்தூக்கு இரண்டு கையாகப் பிரிந்து எழும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு படுக்கை வாட்டத்திலேயே 17 மீட்டர் மேலே போகிறது. பத்திரிகைகளில் இந்த அளவுகளை எல்லோரும் படித்திருக்கிறோம். பழைய பாலத்தின் இன்னொரு எண்ணைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். பாலத்தில் வைத்திருந்த காற்றுமானி அதைப் பார்த்துக்கொள்ளும். கோடையில் போகிறவருக்கு அந்தக் கருவி இருப்பதே தெரியாது. ஐப்பசியில் போகிறவர், கூட வருகிற உள்ளூர்க்காரரிடம் முதலில் கேட்கிற கேள்வியே அதைப் பற்றியதாக இருக்கும்: "வண்டி பாலத்துக்கு விடுவாங்களா?"

தீவில் இறங்கியதும் பிறர் கோபுரத்தைப் பார்ப்பார்கள். நான் கம்பத்தைப் பார்த்தேன். பட்டறைப் புத்தி. மின்கம்பத்தில் பழுப்பு மெருகு ஏறிய பீங்கான் இன்சுலேட்டர்கள் கழுவிவிட்டது மாதிரி பளபளத்தன. கழுவித்தான் விட்டிருந்தது, மழை. ஒரு இன்சுலேட்டரின் உடம்பில் அடுக்கடுக்காக விளிம்புகள் வைப்பது அழகுக்கு அல்ல. கம்பியிலிருந்து கம்பத்துக்கு மேற்பரப்பு வழியாகவே ஊர்ந்து வரப் பார்க்கும் மின்சாரத்துக்கு நடை தூரத்தைக் கூட்டுவதற்காக. ஊரில் அதற்கு இந்தத் தூரம் போதும் என்றால் கடற்கரைக்கு அது போதாது, காரணம் உப்பு. மழையில்லாத மாதங்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு விளிம்புக்கு அடியில் மெல்லிய தோலாகப் படியும். காய்ந்திருக்கும் வரை அது ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியோ சிறு தூறலோ பட்டு நனைந்ததும் உப்பு மின்சாரத்துக்கு வழிவிடும். முதலில் சீறும் சத்தம், பிறகு இருட்டில் நீலமாக ஒரு நெளிவு, முற்றினால் 'டப்' என்று வெடிப்பு, தெரு இருட்டு. பலத்த மழை வந்தால் உப்பையே வழித்துக்கொண்டு போய்விடும். தூறல் பகை, கொட்டும் மழை நட்பு. பட்டறையில் இருந்த நாளில் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தங்கச்சிமடம் சாலையில் வரிசையாகக் கம்பங்களைப் பார்த்தபோதுதான் ஒரு தீவு முழுக்க வருஷத்துக்கு ஒருமுறை குளித்து எழுவது கண்ணுக்குப் புரிந்தது.

குளிப்பு என்றதும் தீர்த்தத்தைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். பெரும்பாலானவை கிணறு. கோடையில் இவற்றில் குளிப்பது ஒரு ஓட்டப்பந்தயம்: ஈர வேட்டி ஈரச் சேலையோடு வரிசை நகரும், கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிற ஆள் வாளியை இறக்கி இழுத்து வரிசையில் எத்தனை தலை உண்டோ அத்தனைக்கும் ஒரே வீச்சில் கவிழ்ப்பார், அடுத்த கிணறு எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் இருப்பவர் முதுகில் மோதுவார். நான் போனபோது வாளிக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு வாளி எனக்காகவே இறங்கியது. கயிறு வழக்கத்தைவிடக் குறைவாக ஓடியது மாதிரி இருந்தது, கேட்டேன். "தண்ணி மேல வந்துருச்சுண்ணே. சித்திரையில பாருங்க, இழுத்து இழுத்துக் கை கழண்டுரும்" என்றார்.

இந்தக் கிணறுகளுக்கும் கடலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. தண்ணீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது, ஒன்றுக்கொன்று சுவை எப்படி மாறுகிறது என்று பக்தர்கள் வியப்பார்கள்; அவர்களுக்கு விடை புராணத்தில் இருக்கிறது. மண்ணிலும் ஒரு விடை உண்டு, முந்தையதைக் கெடுக்காத விடை. மணல் தீவில் பெய்யும் மழை கீழே இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் சட்டென்று கலந்துவிடாது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கடலோர நிலத்தடி நீரைப் படித்தவர்கள் போடும் கணக்கு. மேலே இருக்கும் அந்த ஒரு அடியை நிரப்புவது வாடைக் காலத்து மழை. தனுஷ்கோடிப் பக்கம் கம்பிப்பாட்டில் மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்துக் குடத்தில் மொண்டு நிரப்புவதும் இந்தக் கணக்கில்தான். இரண்டு பக்கமும் கடல் இரைந்துகொண்டிருக்கும், நடுவே குடிக்கிற தண்ணீர் ஊறும். ஆக, வைகாசி வெயிலில் வந்து 22 தீர்த்தத்தையும் தலையில் ஊற்றிக்கொண்டு பாவம் போயிற்று என்று திரும்பும் கூட்டம், ஐப்பசி மழையைத்தான் ஊற்றிக்கொண்டு போகிறது. அந்த மழைக்குப் பயந்துதான் ஐப்பசியில் அவர்கள் வருவதில்லை.

எங்கள் மணிமுத்தாற்றுக்கும் இது பொருந்தும். விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்று பெயர். காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்பார்கள். ஆற்றில் கரைக்கும் எலும்பு கூழாங்கல்லாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இவ்வளவு பெருமை உள்ள ஆற்றுக்குத் திருவிழா மாசி மகத்தில். பழமலைநாதர் கோயில் தேர், தீர்த்தவாரி, சுற்று வட்டார மக்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் வருவார்கள். மாசியில் ஆற்றில் மணல் இருக்கும். தண்ணீர் அங்கங்கே இருந்தால் அதிர்ஷ்டம். ஆறு உண்மையிலேயே ஆறாக ஓடுகிற ஐப்பசி, கார்த்திகையில் பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் நாங்கள் சில பேர்தான்.

சீசனில் போகிறவருக்கு ஒரு ஊரின் உருவம் கிடைக்கிறது. அந்த உருவம் எதனால் வந்தது என்பது சீசன் தப்பிப் போனால்தான் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் பிரகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1,212 தூண்கள், சேதுபதிகள் 18ஆம் நூற்றாண்டில் முடித்த வேலை. கோடையில் அது புகைப்படத்துக்கான இடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தூண்கள் சிறுத்துக்கொண்டே போவதைப் பிடிக்க எல்லோரும் ஒரே கல்லில் நிற்பார்கள். அடைமழையில் அது வேறு. ஊர்க்காரர்கள் குடையை மடக்கிவிட்டு உள்ளே நடக்கிறார்கள். ஒரு அம்மாள் பூக்கூடையைத் தூண் அடியில் வைத்துத் தொடுக்கிறார். பள்ளி விட்ட பிள்ளைகள் மழை விடட்டும் என்று நிற்கிறார்கள். ஒரு ஊரே நனையாமல் நடந்து வர இடம் விட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கலை வரலாற்றுக்காரர்கள் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், அவர்களும் கோடை விடுமுறையில் வந்திருப்பார்கள்.

கடலுக்கு வருவோம். ராமேஸ்வரத்தில் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண்கடல் என்கிறார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். முன்னது அமைதி, பின்னது சீற்றம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதி முடித்துவிடுகின்றன. கையேடு எழுதியவர் வந்த மாதத்தில் அது சரி. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடல் எழும், வடக்கு சும்மா கிடக்கும். வாடை திரும்பியதும் இரண்டும் குணம் மாற்றிக்கொள்கின்றன. தனுஷ்கோடிச் சாலையில் கிழக்கே போகும்போது இடக்கைப் பக்கம் வடகடல். கோடையில் குழந்தைகள் முழங்கால் அளவு நீரில் விளையாடும் அந்தப் பக்கம் கலங்கி, சேற்று நிறத்தில் புரண்டு, சாலைக் கரையில் அடுக்கிய கல்லில் மோதித் தெறித்தது. வலக்கைப் பக்கம், கையேட்டின்படி ஆண்கடல், கண்ணாடி மாதிரி கிடந்தது. நடுவில் ஆட்டோ.

இந்தக் குணமாற்றம் மீனவர்களுக்கு வேடிக்கை அல்ல. ராமேஸ்வரம் படகுத்துறை வடக்குப் பார்த்தது. வாடை நேராக அதன் மேல் அடிக்கும். காற்று பலக்கும் என்று தெரிந்தால் படகைத் தெற்கே பாம்பன் பக்கமும் குந்துகால் பக்கமும் கொண்டுபோய் ஒதுக்குவார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 'பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று ஆகாசவாணிச் செய்தியில் சிறு வயதிலிருந்து கேட்டு வந்தவன் நான். பறவைக் கூண்டு போல ஏதோ ஒன்று என்று நினைத்த வயதும் உண்டு. கொடிமரத்தில் அது ஏறியிருப்பதைப் பார்க்கிற மீனவன் வானிலை அறிக்கையின் எழுத்தைப் படிக்கிறதில்லை. கூண்டின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கயிற்றைப் பார்க்கிறான்.

மீனவர்களின் நாட்காட்டியையும் சுற்றுலாவின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் சினை பிடித்துக் குஞ்சு பொரிக்கட்டும் என்று கடலுக்கு விடும் விடுமுறை. நமது பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கடல் ஓய்வெடுக்கும் இரண்டு மாதத்தில் கரை மூச்சுத் திணறுகிறது. துறையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "மே மாசம் வாரவுக எல்லாம் படகு அம்புட்டும் வரிசையா கட்டிக் கெடக்குறதப் போட்டோ புடிச்சுக்கிட்டுப் போவாக. நாங்க தொழிலில்லாம நிக்கிறது அவுகளுக்கு அழகாத் தெரியும்போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. இப்போது தொழில் உண்டா என்று கேட்டேன். காற்று விட்டால் உண்டு என்றார். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையிலும் வாடைக் காலத்தில் பாதி நாளைக் காற்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு இலங்கைக் கடற்படை. அதை அவர் விரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தனுஷ்கோடியைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. அழிந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், பவழப்பாறைக் கல் தெரியும் பெயர்ந்த சாந்து. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் அது அரை நாள் சுற்றுலா ஆகிவிட்டது. அசோகர் தூண் வைத்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிகள் திரும்புகின்றன. மே மாதம் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் வானம் நீலமாக, மணல் வெள்ளையாக இருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெளிச்சத்தில் அது ஒரு பின்னணி, அவ்வளவே. அந்த இடத்தை உண்டாக்கிய வானம் அது அல்ல.

1964 டிசம்பர் 22, மார்கழி. அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் இலங்கையைக் கடந்து நள்ளிரவில் இங்கே வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் அலையில் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 1914 முதல் அரை நூற்றாண்டாக, சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கப்பலில் ஏறித் (பின்னாளில் 'இர்வின்', 'கோஷன்' என்ற கப்பல்கள்) தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள் சனங்கள். தனுஷ்கோடியில் சுங்கச்சாவடி, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஓர் இரவு போதுமானதாக இருந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் போய்விட, ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அதை மீட்டுக் கட்டினார்கள்.

அந்த இரவு ராமேஸ்வரத்தில் இருந்தவர்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உண்டு. சினிமாப் பேச்சில் இதை ஒரு தப்பிப் பிழைத்த கதையாகச் சொல்வார்கள். இந்தக் கட்டுரைக்கு அது வேறு விதத்தில் வேண்டியிருக்கிறது: வாடைக் காலத்தில் தீவைப் பார்க்க வந்த, நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த இரண்டு பேர் அவர்கள்.

நான் போன அன்று புயல் ஒன்றும் இல்லை. சாதாரண வாடை. தேவாலயச் சுவருக்கு ஒதுங்கி நின்றேன். காற்று மணலைக் கிளப்பி முழங்காலில் ஊசியாகக் குத்தியது. வடகடலின் நுரை துண்டு துண்டாகப் பிய்ந்து சாலையைக் குறுக்கே கடந்து தெற்குப் பக்கம் போய் விழுந்தது. ஆட்டோக்காரர் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, படுதாவை இழுத்துக் கட்டினார். சாதாரண நாளிலேயே இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குத் தண்ணீர் பறந்து போகிற அளவுக்குத்தான் அந்த நிலத்தின் அகலம். இதைப் பார்த்த பிறகு அந்த ரயில் எப்படிப் போயிற்று என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சொல்லாமல் விட்டால் ஏமாற்றாகிவிடும். 'நான் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்' என்று சொல்லிக்கொள்வது இப்போது ஒரு அந்தஸ்து. கூட்டம் என்பது மற்றவர்கள். நமக்கு வெறிச்சோடிய கடற்கரை வேண்டும், சொன்னவுடன் காபியும் வேண்டும். தனுஷ்கோடியில் மீன் வறுத்து விற்கும் கொட்டகைகளில் பாதி அன்று மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் சட்டி ஏறவே இல்லை. நான் ஒருவன் வந்ததற்காக எண்ணெய் காய வைக்கலாமா என்று அந்தப் பெண் யோசித்ததை முகத்தில் பார்த்தேன். எனக்கு அமைதியாக இருந்த அந்த மதியம் அவருக்கு வியாபாரம் நடக்காத மதியம். இரண்டும் ஒரே மதியம் என்பதை நினைக்காமல் 'ஏகாந்தம்' என்று எழுதுகிறவர்களின் கட்டுரைகளை இனி என்னால் பொறுமையாகப் படிக்க முடியாது.

வேறு தேசத்துத் தீவுகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கிரேக்கத்துச் சாந்தோரினியில் குளிர்காலம் வந்தால் பெரும்பாலான விடுதிகள் கதவை அடைத்துவிடும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018இல் மூடி, பவழம் தேறட்டும் என்று 2022 வரை யாரையும் விடாமல் வைத்திருந்தார்கள். இப்போதும் வருஷத்தில் இரண்டு மாதம் சட்டப்படி அடைப்பு. அங்கே சீசன் முடிந்தது என்றால் முடிந்ததுதான். ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நாலு பேர் வந்தாலும் நடை திறந்தாக வேண்டும். தீவுக்குப் பூட்டுப் போட முடியாது, ஆள்தான் குறையும். அதனால் குறைந்த நாளில் அது தன் சொந்த வேலைகளைப் பார்த்துக்கொள்கிறது.

அந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று. தமிழ்நாட்டில் எங்கே மல்லிகைத் தோட்டம் போட்டாலும் பதியன் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், வெளிமாநிலத்துக்கும் போகிறது. பூ மதுரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, செடி இந்த மணல் தீவுடையது. தென்னை நிழலில் பாத்தி பாத்தியாகக் குச்சி நட்டு வேர் விட வைக்கிறார்கள். மழை ஈரத்தில் மணல் கறுத்து, குச்சிகளின் கணுவில் மிளகு அளவு பச்சை எட்டிப் பார்த்தது. வேர் பிடித்ததைப் பிடுங்கி, கட்டுக் கட்டாகச் சணலில் கட்டி, ஈரச் சாக்கில் வைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேரில் மணல் ஒட்டவே இல்லை, உதறினால் போய்விடுகிறது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் பிடுங்கினால் பாதி வேர் மண்ணோடு நின்றுவிடும். நாற்றுக்கு இந்த ஊர் ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரதான சாலையிலிருந்து நடக்கிற தூரம்தான் அந்தத் தோட்டம். சுற்றுலா வேன்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் ராமர் பாதத்துக்கும் கலாம் நினைவிடத்துக்கும் போகின்றன.

சங்குக் கடைகளிலும் இந்த வாரங்கள் உற்பத்திக் காலம். சோழி கோக்கிறார்கள், கண்ணாடிச் சட்டத்தில் சிப்பி ஒட்டுகிறார்கள். கார்த்திகை பிறந்தால் கை ஒழியாது. தனுஷ்கோடியை ஒட்டிய உப்பங்கழி மழைத் தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் தெளிந்து இரை பெருகியதும் பூநாரைகள் வரும். 2025இல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது ஒரு கொக்குகூட இல்லை. சமையல் முடியாத வீட்டுக்குச் சாப்பிட வந்து நின்றவன் நிலைமைதான். ஆனால் அடுப்பு எரிவதைப் பார்க்க முடிந்தது.

ஒன்றைப் பேசாமல் முடிக்க முடியாது. ஐப்பசியில் யாரால் போக முடியும்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். விவசாயிக்குச் சம்பா நடவு முடிந்து களை எடுக்கும் நேரம். எங்கள் பேட்டையில் விளக்கு. ஓய்வு பெற்றவன், வேலையை விட்டவன், கல்யாணம் ஆகாதவன் என்று மிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் பேர். கூலிக்குப் போகிற குடும்பம் வருஷத்தில் ஒரே ஒரு பயணத்துக்குக் காசு சேர்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மே மாதக் கொள்ளை வெயிலில்தான் வரும். அந்தக் கூட்டத்தில் இடிபட்டு, 22 தீர்த்தத்திலும் தள்ளப்பட்டு, சுடுமணலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அரிச்சல்முனையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பும். அதை இழிவாகப் பேச நான் யார்? ஒன்று மட்டும் செய்யலாம். காலாண்டுத் தேர்வு விடுமுறையைச் சில வாரம் தள்ளி ஐப்பசிப் பக்கம் கொண்டுவரச் சொல்லி யாராவது கேட்கலாம். பிள்ளைகள் ஒரு தரமாவது வாடைக்கடலைப் பார்த்துவிட்டு வந்தால் 1964 அவர்களுக்கு வினாத்தாளில் வரும் எண்ணாக மட்டும் இருக்காது. சாரலில் சளி பிடிக்கும் என்று தாய்மார்கள் முதலில் எதிர்ப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

கிளம்புகிற அன்று காலையில் விடுதி வாசலில் ஒரு பையன் ஏணி மேல் நின்றுகொண்டு பெயர்ப் பலகையில் தெலுங்கில் எழுதிக்கொண்டிருந்தான். கீழே கன்னடத்துக்கு இடம் விட்டிருந்தது. கணக்கு முடித்தபோது, மழையில் ஊர் ரொம்ப நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷமும் இதே நேரம் வருவேன் என்று விடுதிக்காரரிடம் சொன்னேன். மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "வாங்க சார், ரூம் கெடக்கும். ஆனா நாலு பேரோட தையில வந்தீங்கன்னா எனக்கு நல்லது" என்றார். பிறகு பையனைப் பார்த்து, வாடகையை இப்போதே எழுதிவிடாதே, கார்த்திகை ஒன்றுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சத்தம் போட்டார்.